ஒன்றரை மில்லிமீட்டர்

எந்தக் கேமராப் பெட்டியை வாங்குவது என்று கோதண்டம் கேட்டபோது, ஷம்ஷாத் அவர் கையில் ஒரு துண்டு பட்டர் பேப்பரைக் கொடுத்தாள்.

"இது எதுக்கு டீச்சர்?"

"பிலிம் உட்கார்ற இடத்துல ஒட்டுங்க."

அவருக்கு அறுபத்திரண்டு வயது, அவளுக்கு நாற்பத்தொன்று. திருச்சி பெரிய கடைவீதிக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில், கேமராவும் மைக்ராஸ்கோப்பும் நிலம் அளக்கிற கருவிகளும் பழுது பார்ப்பவள் ஷம்ஷாத். கோதண்டம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருஷம் உதவியாளராக இருந்தவர். வருஷத்துக்கு ஒருமுறை கருவிகளைச் சுத்தம் செய்ய அவள் அங்கே வருவாள். "ஏம்மா, அந்த மூணாவதைக் கொஞ்சம் பாரு" என்று நாற்காலியில் இருந்தபடியே சொல்லுவார். அவரேதான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "எனக்குக் கத்துக் கொடுங்க" என்று நின்றார்.

"என்ன சார் கத்துக்கணும்?"

"பழைய லென்ஸுக்கு ஏத்த பெட்டியைப் பார்க்க."

"அதுக்கு எதுக்குக் கத்துக்கணும்? லென்ஸைக் காட்டுங்க, நானே சொல்லிடுறேன்."

"இல்லம்மா. இந்தத் தடவை நானே தெரிஞ்சு பார்க்கணும்."

இந்தத் தடவை என்ற சொல்லை ஷம்ஷாத் கவனித்தாள். அதற்கு முந்தின தடவை எது என்று கேட்கவில்லை. ஒரு முக்காலியை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாளிலிருந்து அவர் அவளை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார்.

"டீச்சர் கீச்சர்னு கூப்பிடாதீங்க சார். நான் ஒம்பதாவது பெயில்."

"எதுல பெயில்?"

"உங்க சயின்ஸ்லதான்."

"அது சொல்லிக் கொடுத்தவன் குத்தம்," என்றார் கோதண்டம். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பட்டர் பேப்பரை ஒட்டியாயிற்று. ஒரு பழைய பிலிம் கேமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடுகிற பள்ளத்தின் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டினார். ஷம்ஷாத் தன் அலமாரியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து முன்பக்கம் திருகினாள். உள்ளே ஷட்டர் திரையைத் திறந்து வைத்துவிட்டு, கேமராவை ஜன்னல் கட்டையில் நிறுத்தினாள்.

"என்ன தெரியுது?"

பேப்பரில் ஒரு வேப்பங்கிளை தலைகீழாகத் தொங்கியது. இலையின் ரம்பப் பல் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரு எறும்பு கிளையில் ஊர்ந்ததுகூடத் தெரிந்தது. கோதண்டத்துக்கு மெய்சிலிர்த்தது.

"வேப்பங்கிளை டீச்சர். அப்படியே."

"பின்னாடி மலைக்கோட்டை இருக்கே. அது?"

"கலங்கலா இருக்கு."

"திருகிப் பாருங்க."

அவர் லென்ஸின் வளையத்தைத் திருகினார். வேப்பங்கிளை கலைந்தது. மலை கொஞ்சம் திரண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு வளையம் முட்டி நின்றுவிட்டது.

"இதுக்கு மேல திரும்பல."

"மலை?"

"வரல."

"மலை எங்கேயும் போகல சார். பாருங்க, அங்கேயேதான் நிக்குது."

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நின்றுகொண்டுதான் இருந்தது. உச்சிப்பிள்ளையார் கோயில் படிகளில் ஏறுகிற மனிதர்களின் சட்டை நிறம்கூட வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது.

"லென்ஸ் கெட்டுப்போச்சா டீச்சர்?"

"இல்ல. நல்ல லென்ஸ்."

"அப்ப பெட்டி?"

"அதுவும் நல்ல பெட்டி."

"பின்னே என்னதான் கோளாறு?"

ஷம்ஷாத் லென்ஸைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "இந்த லென்ஸுக்குத் தன் முதுகுக்கும் பிலிமுக்கும் நடுவுல இவ்வளவுதான் தூரம் வேணும்னு ஒரு கணக்கு. இந்தப் பெட்டி அதைவிட ஆழம். ஒரு காசு கனம் ஆழம். உள்ளே போய் உட்காருது. மரை பொருந்துது. கிட்டத்துல இருக்கிறதெல்லாம் அழகாத் தெரியுது. வாங்கினவர் வருஷக்கணக்கா வீட்டுக்குள்ளேயே வச்சு எடுத்திருக்கார். ஒருநாள் வெளியே கொண்டுபோனபோதுதான் தெரிஞ்சிருக்கு."

"என்ன தெரிஞ்சிருக்கு?"

"தூரம் இதுக்கு இல்லைன்னு."

கோதண்டம் அந்த வேப்பங்கிளையை மறுபடி பார்த்தார். எறும்பு போய்விட்டிருந்தது.

*

அவருடைய ஒரே மகள் அரசி. முழுப்பெயர் மங்கையர்க்கரசி. தாயில்லாப் பெண். கல்லூரியில் தாவரவியல் படித்தபோது, சொந்த ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பாதிரியார் தன்னுடைய பழைய பிலிம் கேமராவையும் மூன்று லென்ஸ்களையும் அவளிடம் விட்டுவிட்டுப் போனார். செடி கொடி எடுப்பாள் என்றுதான் கொடுத்தார். அரசி மொட்டைமாடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பருந்துகளை எடுத்தாள். மலையைச் சுற்றும் பருந்துகள். இறகின் நுனி விரல் விரலாகப் பிரிந்திருப்பது படத்தில் தெரியும்.

கோதண்டம் அவளைக் கரூரில் கட்டிக் கொடுத்தார். பெரிய குடும்பம், பதினோரு அறை வைத்த வீடு. மாப்பிள்ளை குடிக்கிறவன் இல்லை, கைநீட்டுகிறவன் இல்லை. மாமியார் கோயில் குளம் என்று இருக்கிறவர். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. சொல்லிக்கொள்ள ஒரு குறை இருந்தால் கோதண்டமே கொடுத்திருக்க மாட்டார்.

முதல் தடவை அரசி திரும்பி வந்தபோது, "அங்கே எனக்கு இடமில்லப்பா" என்றாள். பதினோரு அறைகளையும் அவர் பார்த்திருக்கிறார். "போகப் போகச் சரியாயிடும்மா," என்றார். இரண்டாவது தடவை வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சாயங்காலம் சத்திரம் பஸ் நிலையத்தில் கரூர் பஸ் ஏறி, கூடவே போய் விட்டுவிட்டு வந்தார். வழியில் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டாள்.

மூன்றாவது தடவை ஒரு துணிப்பையோடு வந்தாள். பையில் மூன்று காலுறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸ்.

"கேமரா எங்கேம்மா?"

"இல்ல."

அவ்வளவுதான். பிறகு யாரும் கரூரிலிருந்து வரவில்லை. அவரும் போகவில்லை. அரசி சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவளாக வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பல் தேய்க்கும்போது குழாயை மூடக்கூட மறந்து, தண்ணீர் போவதைப் பார்த்தபடி நிற்பாள்.

ஒரு பெட்டி கிடைத்துவிட்டால், அந்த லென்ஸ் ஏதாவது ஒன்றை அதில் பூட்டி அவள் கையில் கொடுத்துவிட்டால், அவள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பாள். கோதண்டத்துக்கு உலகத்தில் வேறு ஒரு வேண்டுதலும் மிச்சமில்லை.

இதையெல்லாம் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. திருகு கழற்றக் கற்ற வாரம் கொஞ்சம், ஸ்பிரிங் மாட்டக் கற்ற வாரம் கொஞ்சம். ஷம்ஷாத் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருமுறை மட்டும், "முறுக்கு சாப்பிட்டாளா?" என்றாள்.

"சாப்பிட்டா."

"ம்."

*

பெட்டி பார்ப்பது எப்படி என்று அவள் கற்றுக் கொடுத்தது கொஞ்சம்தான்.

"முதல்ல எதை அளக்கணும்?"

"லென்ஸை."

"பெட்டியை?"

"அப்புறம்."

"பெட்டி ஆழம் கம்மியா இருந்தா?"

"நடுவுல வளையம் வச்சு இட்டு நிரப்பலாம். லென்ஸ் தன் தூரத்துக்கு வந்துடும்."

"அதிகமா இருந்தா?"

"வேற பெட்டி பார்க்கணும்."

"பெட்டி ரொம்ப அழகா இருந்தா?"

கோதண்டம் சிரித்தார். "வேற பெட்டிதான் பார்க்கணும் டீச்சர்."

"பாஸ்," என்றாள் ஷம்ஷாத். "என்னைவிடப் பரவாயில்ல நீங்க."

அரசியின் லென்ஸ்களை அளந்து பார்த்தார்கள். அவற்றைச் செய்த தொழிற்சாலை மூடி நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அதே மரை வைத்த பெட்டிகள் சந்தையில் நிறைய கிடைத்தன. அதே ஆழம் வைத்தது கிடைக்கவில்லை. ஷம்ஷாத் சென்னையில் கேட்டாள், பெங்களூரில் கேட்டாள். கடைசியில் புதுச்சேரியில் ஒருவரிடம் இருப்பதாகத் தெரிந்தது. வெளிநாட்டில் இருக்கிற அவருடைய மகன் லீவுக்கு வந்ததும் பரணைத் திறந்து எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

கோதண்டம் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குச் சிரமமாக இல்லை, ஐப்பசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை வரும்வரை.

இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்த காலை அது. அரசி துணி உலர்த்த மாடிக்குப் போனாள். கீழே இறங்கி வந்தவள், பக்கெட்டைக் கையில் பிடித்தபடியே, "அப்பா, என் லென்ஸெல்லாம் எங்கே வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஷம்ஷாத்தின் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார் கோதண்டம்.

"கேட்டுட்டா டீச்சர்! கேட்டுட்டா!"

"மெதுவா சார், விழுந்து வைக்காதீங்க. என்ன கேட்டா?"

சொன்னார். ஷம்ஷாத் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். உட்காருங்க, டீ சொல்றேன்."

"உட்கார நேரமில்ல. புதுச்சேரி என்னாச்சு?"

"மகன் அடுத்த மாசம் பத்தாம் தேதி வர்றானாம்."

"அடுத்த மாசமா!"

"ஒம்பது மாசம் பொறுத்தீங்களே சார்."

"அப்போ அவ கேட்கல டீச்சர். இப்போ கேட்டுட்டா. கேட்டவளை ஒரு மாசம் நிக்க வச்சா, மறுபடி உள்ளே போயிடுவா. எனக்குத் தெரியும்."

அது பொய் என்று சொல்ல ஷம்ஷாத்தாலும் முடியவில்லை.

*

வியாழக்கிழமை அவர் ஒரு பெட்டியோடு வந்தார். தஞ்சாவூரில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் சாமான்களில் இருந்ததாம். கறுப்புத் தோல் உரியாமல், வெள்ளிப் பூச்சு மங்காமல், புதுப்பெண் மாதிரி இருந்தது.

"ஒரு குறை சொல்ல முடியாது டீச்சர். ஷட்டர் மணி அடிச்ச மாதிரி விழுது. கேளுங்க."

கேட்டாள். உண்மைதான்.

"பெட்டியில குறை இருக்குன்னு நான் சொல்லலையே சார்."

"மரை பொருந்துது."

"பொருந்தும். ஆழம்?"

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"எவ்வளவு?"

"ஒன்றரை மில்லி அதிகம்."

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"லென்ஸோட பின்பக்க உலோகத்துல ஒன்றரை மில்லி சீவி எடுத்துட்டா என்ன?" என்றார் கோதண்டம். "காலேஜ் பட்டறையில கடைசல் லேத் இருக்கு. எனக்குக் கைபழகின மெஷின். சீர் பண்ணி எடுத்துடுவேன். உள்ளே கொஞ்சம் தள்ளி உட்காரும், தூரம் வந்துடும். கணக்குச் சரியாத்தானே இருக்கு?"

"கணக்குச் சரி."

"பின்னே?"

ஷம்ஷாத் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். உள்ளே லென்ஸ்கள் இருந்தன. பன்னிரண்டோ பதின்மூன்றோ. ஒன்றின் பின்புறம் அரத்தால் ராவியது, ஒன்று ரம்பத்தால் அறுத்தது. ஒன்றில் கண்ணாடி நடுவில் பிளந்திருந்தது.

"இதெல்லாம் யாரோடது?"

"அவசரமா இருந்தவங்களோடது."

கோதண்டம் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் தெரியாத கை செய்த வேலை என்று பட்டது. கோணல், பிசிறு. ஒருவனுக்குக்கூட லேத் பிடிக்கத் தெரிந்திருக்கவில்லை.

"நான் இப்படிச் செய்ய மாட்டேன் டீச்சர்."

"டீ ஆறுது சார்," என்றாள் ஷம்ஷாத்.

*

சனிக்கிழமை மதியம் கல்லூரிப் பட்டறையில் யாரும் இல்லை. காவலாளி பழைய மரியாதைக்குக் கதவைத் திறந்துவிட்டுப் போனான்.

மூன்றில் நடு அளவு லென்ஸை மட்டும் சீவுவதாகத்தான் இருந்தார். அதன் கண்ணாடிகளைக் கழற்றித் துணியில் பொதிந்து வைத்துவிட்டு, பின்பக்கத்தை நேர்பார்த்து, உளியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். மேலே இருந்த வெள்ளிப் பூச்சு ஒரே சுற்றில் போயிற்று. அடியில் பித்தளை. உளி பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவருடைய விரல்கள் மஞ்சள் பூசியவை போல ஆயின.

பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. துடைத்துப் பார்த்தார். கண்ணாடி பதித்தது போல வழவழவென்று இருந்தது. இவ்வளவு சுலபமாகப் போகும் என்று அவரே நினைக்கவில்லை. லேத்தும் அதே அளவுக்குப் பொருத்தியபடி இருந்தது. மற்ற இரண்டையும் சீவி எடுத்தார்.

வீட்டுக்கு வந்து, பட்டர் பேப்பர் ஒட்டி, பெட்டிக்குள் லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் கண்ணாடியை ஒரு குச்சியால் தூக்கி நிறுத்திக்கொண்டு, மலையைப் பார்த்தார். தலைகீழாக, கத்தி முனையில் செதுக்கியது போல, மலைக்கோட்டை அங்கே இருந்தது. அவர் அழுதார். பிறகு குச்சியை எடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்புக்குக் குறிவைத்து நான்கு முறை பொத்தானை அழுத்திப் பார்த்தார். நான்கு முறையும் மணி அடித்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அரசி மாடிக்குக் கிளம்பும்போது, பிலிம் போட்ட கேமராவை அவளிடம் நீட்டினார்.

அவள் நின்றுவிட்டாள். துணி பக்கெட்டை மெல்லக் கீழே வைத்தாள். இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

முதல் காரியமாக லென்ஸைத் திருகிக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். பழகினவர்கள் அப்படித்தான் செய்வார்கள். புதிதாகச் சீவிய மஞ்சள் வட்டம் வெயிலில் மின்னியது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று தடவினாள். அவரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மறுபடி பூட்டினாள்.

மாடியில், கொடியில் தொங்கிய துணிக் கிளிப் ஒன்றைக் குறிவைத்து முதல் படம் எடுத்தாள். மணி அடித்தது. அவளுடைய முழங்கை தானாக விலாவில் ஒடுங்கிக்கொண்டதைக் கோதண்டம் பார்த்தார். கல்லூரி நாட்களில் அப்படித்தான் நிற்பாள். பிலிமை நகர்த்தினாள். வாயோரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

"அதோ பாரும்மா," என்றார் கோதண்டம்.

இரண்டு பருந்துகள். மழை கழுவிய வானத்தில், ஒன்றின் வட்டத்துக்குள் இன்னொன்று வட்டமிட்டது. அரசி அண்ணாந்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் கழுத்து நிமிர்ந்தது. லென்ஸின் வளையத்தைத் தூரத்துக்குத் திருகிக்கொண்டே போய், கடைசி வரை திருகி, மூச்சை நிறுத்தி, அழுத்தினாள்.

மணி அடிக்கவில்லை. பல்லில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. பருந்து இருந்த திசையிலேயே கேமராவைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னம்மா?"

"இருட்டாயிடுச்சுப்பா."

அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. லென்ஸை உள்ளே தள்ளி உட்கார வைத்தாயிற்று. தூரத்துக்குத் திருகும்போது அதன் முதுகு இன்னும் உள்ளே போகும். பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் சாய்ந்திருக்கும் கண்ணாடி எழும்ப வேண்டும். எழும்ப இடமில்லை. கிட்டத்தில் பார்த்தபோது நான்கு முறையும் எழும்பியது. மலையைப் பார்த்தபோது அவரே குச்சியால் அதைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

கேமராவை வாங்கி, லென்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். லென்ஸின் பின்கண்ணாடி விளிம்பிலிருந்து ரவை போல ஒரு துணுக்கு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"நான் சரி பண்ணிடுறேம்மா. இன்னிக்கே. இப்பவே..."

"பரவாயில்லப்பா," என்றாள் அரசி. அவர் தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். "கிட்டத்துல இருக்கிறதை எடுத்துக்கிறேன். பழகிக்கிறேன்."

கீழே இறங்கிப் போனாள். துணி பக்கெட்டிலேயே இருந்தது. அவர்தான் அதை மேலே கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டார்.

அதன் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை குழாயடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

*

மூன்று லென்ஸ்களையும் ஷம்ஷாத்தின் மேசையில், முதுகு மேலே தெரியும்படி வைத்தார் கோதண்டம்.

"மூணையுமா சார்?"

"மூணையும்தான்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். அவள் திட்டவில்லை.

"சுத்தமான வேலை," என்றாள்.

"புதுச்சேரிப் பெட்டி வந்தா டீச்சர்?"

"வரும்."

"அதுல இது உட்காருமா?"

"வெட்டின அளவுக்கு வளையம் பண்ணி வச்சா உட்காரும். மலை தெரியும்."

"அப்ப பழையபடி ஆயிடும்."

"வளையம் வச்சபடி இருக்கும் சார்." நடு லென்ஸை ஜன்னல் பக்கம் பிடித்தாள். "இதுல விளிம்பு போயிடுச்சு. வெயிலைப் பார்த்துத் திருப்பினா ஒரு வெள்ளைக் கீறல் விழும். எல்லாப் படத்துலயும்."

"வானத்தை எடுக்கிறவ டீச்சர் அவ."

"தெரியும்."

கோதண்டம் முக்காலியில் உட்கார்ந்தார். அவர் நகக்கண்களில் இன்னும் மஞ்சள் போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தார்.

"ஏமாத்தணும்னு நினைக்கல டீச்சர். நான் முரடனும் இல்ல."

"இல்ல சார்."

"அவளுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்."

"ஆமா."

"கண்ணை மூடிக்கிட்டு வெட்டல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுத்தேன். ஒவ்வொரு சுத்துக்கும் மெஷினை நிறுத்தி, காதை வச்சுக் கேட்டேன். ஒரு கீச்சு, ஒரு அதிர்வு, உளி ஒரு இடத்துல திணறினது, ஏதாவது ஒண்ணு இருந்திருந்தா அங்கேயே விட்டுட்டு வந்திருப்பேன். ஒண்ணுமே இல்ல டீச்சர். கடைசி வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. சரியாத்தான் போகுதுன்னு நினைச்சேன்."

ஷம்ஷாத் ஒரு மெல்லிய துணியை எடுத்து, வெட்டுப்பட்ட மூன்று வட்டங்களையும் துடைத்தாள். துடைத்ததை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்ல பித்தளை சார்," என்றாள். "இரும்பா இருந்திருந்தா சத்தம் போட்டிருக்கும்."